நாலாவது மூலை

சீட்டுக் குலுக்கலில் தெய்வசிகாமணிக்கு விழுந்தது கல்யாண மண்டபத்தின் கழிப்பறைப் பக்கத்து மூலை.

"இது நியாயமாங்க?" என்று மேலிடப் பார்வையாளர் அரங்கநாதனிடம் பாய்ந்தார். "நைனார்பாளையத்துல இந்தக் கட்சிக்கு மொத மொதல்ல கொடி நட்டவன் நானு. என்னக் கொண்டுபோயி கக்கூஸ் பக்கத்துல நிக்க வச்சா இன்னாங்க அர்த்தம்?"

"குலுக்கல்ல கையை விட்டு எடுத்தது நீங்கதானே?" என்றார் அரங்கநாதன்.

அது உண்மைதான். அதனால்தான் தெய்வசிகாமணிக்கு இன்னும் கோபம் வந்தது. அடுத்தவன் எடுத்துக் கொடுத்திருந்தால் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

"அப்ப அந்தா, அந்த மூலையக் குடுங்க. அது சும்மாத்தான இருக்குது?" என்று மணமகள் அறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன் நின்றுகொண்டிருந்தது. மண்டபத்தில் இருந்த மற்ற ஃபேன்களெல்லாம் உத்தரத்தில் பல்லியோடு பல்லியாக ஒட்டிக்கொண்டிருந்தவை. சுற்றினாலும் கீழே காற்று வராது.

"ஃபேன் இருக்கிற மூலையைப் போட்டியில இருக்கிற யாருக்குக் குடுத்தாலும் மத்த ரெண்டு பேரும் என் சட்டையைப் பிடிப்பீங்க. அதனால அது இன்னும் முடிவு பண்ணாதவங்களுக்கு" என்று அரங்கநாதன் முடித்துவிட்டார்.

முடிவு பண்ணாதவனுக்குக் காற்று, முடிவு பண்ணியவனுக்குக் கழிப்பறை. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே அந்தக் கூட்டத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது.

ஏரிப்பாசன மக்கள் கட்சி சின்னக் கட்சி. சேலம் பக்கம் போனால் அதன் கொடி என்ன நிறம் என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் நைனார்பாளையத்தில் அதற்குக் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்றாலும், எந்தக் கட்சி யார் பின்னால் இருக்கிறது என்பது ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். வழக்கமாக மாவட்டச் செயலாளர் கள்ளக்குறிச்சியிலிருந்து போனில் ஒரு பெயரைச் சொல்வார். மற்றவர்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

இந்தத் தடவை கட்சியின் மாநிலத் தலைவர் மகளைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டு வந்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு அயோவா என்கிற மாநிலத்தில் வேலை. அங்கே ஜனாதிபதி வேட்பாளரையே கட்சிக்காரர்கள் ஒரு கூடத்தில் கூடி, மூலைக்கு மூலை நின்று தேர்ந்தெடுத்த காலம் உண்டு, அதற்குக் காக்கஸ் என்று பெயர் என மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். மாநிலத் தலைவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பெட்டி வேண்டாம், சீட்டு வேண்டாம், மை வேண்டாம், செலவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் இனிமேல் எல்லாக் கிளையிலும் காக்கஸ்தான் என்று அறிவித்துவிட்டார். நைனார்பாளையத்துக்காரர்கள் அதற்கு 'நிக்கற கூட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

அரங்கநாதன் மைக்கைப் பிடித்து விதிகளைச் சொன்னார்.

"மூணு பேர் போட்டியில இருக்காங்க. தெய்வசிகாமணி, தீனதயாளன், சிவசங்கர். யார் வேணுமோ அவங்க மூலையில போய் நில்லுங்க. முடிவு பண்ணாதவங்களுக்கு நாலாவது மூலை. நாங்க தலையை எண்ணுவோம். நூத்துக்குப் பதினஞ்சு பேர்கூடச் சேராத மூலை கலைஞ்சுடும். கலைஞ்சவங்க வேற மூலைக்குப் போயிடணும். கலைஞ்ச ரெண்டு மூலை ஒரே இடத்துல ஒண்ணாச் சேர்ந்தும் நிக்கலாம். மறுபடி எண்ணுவோம். கடைசியில எந்த மூலையில ஆள் அதிகமோ, அந்த மூலை சொல்ற பேருக்குத்தான் கட்சி ஆதரவு."

"நாலாவது மூலையில ஆளு ஜாஸ்தியாப் போச்சுன்னா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து காசியம்மாள் கேட்டாள். மண்டபமே சிரித்தது.

"அவங்களே பேசி ஒரு பேரைச் சொல்லணும். முடிவு பண்ணாதவங்களே முன்னாடி வந்தது அமெரிக்காவுலயே நடந்திருக்கும்மா" என்றார் அரங்கநாதன்.

தெய்வசிகாமணிக்கு இந்த விதியெல்லாம் தலைகீழ்ப் பாடம். வாட்ஸ்அப்பில் வந்த நாளிலிருந்து வீட்டில் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராஜாம்பாள் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். நடுநடுவே சந்தேகம் கேட்பாள். "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று இவர் அடுத்த விதிக்குப் போய்விடுவார்.

அவருடைய கணக்கு ரொம்ப எளிமையானது. ராஜாம்பாள் மகளிர் குழுவுக்குத் தலைவி. அந்தக் குழுவையும் அக்கம்பக்கத்துக் குழுக்களையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பெண்களைத் தெய்வசிகாமணியே கட்சியில் உறுப்பினராக்கியிருந்தார். மண்டபத்தில் மொத்தம் நூற்று இருபது பேர். நாற்பத்தெட்டோடு தன் ஆட்களையும் சேர்த்தால் தீனதயாளன் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

நேற்றுச் சாயந்திரம் சின்னசேலம் யூனியன் ஆபீஸில் குழுக் கூட்டம் முடிந்து ராஜாம்பாள் வீட்டுக்கு வந்தபோதுகூட அவர் இந்தக் கணக்கில்தான் இருந்தார்.

"இன்னாங்க, ஆபீஸ்ல ஒரு விசயம் பேசிக்கினாங்க" என்று ஆரம்பித்தாள்.

"குழு விசயத்தக் குழுவோட வச்சிக்க. கட்சி விசயத்துல என்னக் கொழப்பாத. நாளைக்கு உங்க பொம்பளைங்க மொத்தமும் வந்து நிக்கணும். அதான் உன் வேல."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

அவளும் சரி என்று உள்ளே போய்விட்டாள்.

தெய்வசிகாமணிக்கு இது உயிர்ப் பிரச்சினை. இதற்கு முன்னால் இரண்டு தேர்தலில் அவர் பெயரைச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். கரும்பு நிலுவைக்காகச் சாலையில் உட்கார்ந்து போலீஸ் வண்டியில் ஏறியவர் இவர். மாலை போட்டுக்கொண்டது வேறு ஆள். ஊராட்சி ஆபீஸ் சுவரில் இதுவரை தலைவராக இருந்தவர்களின் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அதன் கடைசியில் ஒரு பெயருக்கு இடம் காலியாக இருக்கிறது. அந்த ஆபீஸுக்கு எந்த வேலையாகப் போனாலும் அவர் கண் அங்கேதான் போய் நிற்கும்.

இப்போது அவர் கண் தீனதயாளன் மேல் போய் நின்றது.

தீனதயாளனுக்குச் சாப்பாட்டுக் கூடத்து வாசல் மூலை. கதவு திறந்திருந்தது. உள்ளே கோழி பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். வாசனை தீனதயாளனுக்குப் பின்னாலிருந்து கிளம்பி மண்டபம் முழுக்கப் பிரசாரம் செய்தது.

"ஐயா, இது அநியாயம்!" தெய்வசிகாமணி மறுபடியும் மேடைக்கு ஓடினார். "மொதப் பந்தியில உக்காரணும்னு அத்தினி பேரும் அங்கதான் நிப்பான். அந்தக் கதவப் பூட்டுங்க!"

"அண்ணே, சோத்துக்கும் ஓட்டுக்கும் எதுக்கு முடிச்சுப் போடறீங்க?" என்று தீனதயாளன் சிரித்தான். சுற்று வட்டாரத்தில் அறுவடை மெஷின் வைத்திருப்பவன் அவன். அவனுக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

அரங்கநாதன் யோசித்துவிட்டுக் கதவைப் பூட்டச் சொன்னார். எண்ணி முடிக்கும் வரை யாரும் வெளியே போகக்கூடாது என்ற விதிப்படி வாசல் கதவை ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. இப்போது உள்கதவும் பூட்டு. தெய்வசிகாமணி வெற்றியோடு தன் மூலைக்குத் திரும்பி வந்து நின்றபோதுதான், மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது.

வெளியே காலையிலிருந்து கல்வராயன் மலை மேல் மேகம் மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. உள்ளே புழுக்கம் ஆளை அவித்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று.

"மாதாந்தரப் பராமரிப்புண்ணே. சாயந்திரந்தான் வரும்" என்றான் பந்தல், மைக் செட், ஃபேன் எல்லாவற்றுக்கும் பொறுப்பான பழனி. அவன் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டான். மைக் வேலை செய்தது. உத்தரத்து ஃபேன்கள் படுத்துவிட்டன. மணமகள் அறை மூலையிலிருந்த பெரிய ஃபேன் மட்டும் கம்பீரமாகச் சுற்றியது.

அரங்கநாதன் விசில் ஊதினார். "எல்லாரும் அவங்கவங்க மூலைக்குப் போகலாம்!"

அந்த நிமிஷத்தில் நடந்தது இன்றைக்கும் தெய்வசிகாமணிக்கு ஆறவில்லை. நாற்பத்தெட்டுப் பெண்களும் எழுந்தார்கள். புடவையைச் சரிசெய்துகொண்டார்கள். நேராக நாலாவது மூலைக்குப் போய் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் ராஜாம்பாள்.

"ஏய், ராஜாம்பா!" தெய்வசிகாமணி மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அலறினார். "எங்க போற? நம்ம மூல இது!"

"பொம்பளைங்க அத்தினி பேரும் இங்க நிக்கறாங்க. நா மட்டும் ஆம்பளைங்க நடுவுல வந்து நிக்கறதா?" என்று அங்கிருந்தே பதில் வந்தது. "நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அவங்களையும் கூட்டிக்கினு வாயேன்!"

"கக்கூஸ் பக்கம் எப்படிங்க பொம்பளைங்களக் கூட்டிக்கினு வர்றது?"

மண்டபம் மறுபடியும் சிரித்தது. ஊர்க் கூட்டம் என்றால் பெண்கள் ஒரு பக்கமாகத்தான் நிற்பார்கள் என்பது அமெரிக்க மாப்பிள்ளைக்கு மறந்துபோயிருக்கலாம். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த தெய்வசிகாமணிக்கு எப்படி மறந்தது? தன் பெண்டாட்டி தன் பக்கம் நிற்பாள் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் யோசித்திருக்கவில்லை.

ஆம்பளைகள் கதை இன்னும் மோசம். ரகசிய ஓட்டு என்றால் பாதிப் பேர் தெய்வசிகாமணிக்குப் போட்டுவிட்டு, தீனதயாளனிடம் உனக்குத்தான் போட்டேன் என்று சத்தியம் பண்ணியிருப்பார்கள். இதுவோ நிற்கிற கூட்டம். வயலில் நெல் முற்றி நிற்கிறது. அறுவடை மெஷின்காரன் எதிர் மூலையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். எவன் துணிந்து அவனுக்கு எதிரே நிற்பான்? மனதில் தெய்வசிகாமணியை வைத்துக்கொண்டு உடம்பைத் தீனதயாளன் மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இப்படி ஒரு முறையைக் கண்டுபிடித்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

அப்படியும் தெய்வசிகாமணி பின்னால் சுமார் முப்பது பேர் தைரியமாக நின்றார்கள். பிழைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

"ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசி மத்த மூலைக்காரங்களைக் கூப்பிடலாம்" என்றார் அரங்கநாதன்.

தெய்வசிகாமணி மைக்கை வாங்கி நாலாவது மூலையைப் பார்த்துப் பேசினார். "தாய்மார்களே! தெரு வெளக்கு எரியலன்னா யாரு கேட்டா? நானு! பஸ்ஸு நிக்காமப் போச்சுன்னா யாரு ரோட்ல படுத்தா? நானு! கொழாயில தண்ணி வரலன்னு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் யாரு போனா?"

"நாங்கதான் கொடத்தத் தூக்கிக்கினு போனோம். நீங்க பின்னால வேன்ல வந்தீங்க" என்றாள் காசியம்மாள்.

"சரி, யாரோ போனோம்! நம்ம எல்லாரும் போனோம்! வாங்க இந்தப் பக்கம்!"

பெண்கள் நன்றாகக் கைதட்டினார்கள். ஒருத்தியும் அசையவில்லை. ஃபேன் காற்றில் அவர்கள் முந்தானைகள் மட்டும் ஆடின.

அதைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் அந்த ஃபேன்தான் காரணம்!

"ஏய் பழனி! அந்த ஃபேன எடுத்து இங்க வையி!"

"ஒயரு பத்தாதுண்ணே. ஜெனரேட்டரு அந்தச் செவுத்துக்குப் பின்னாடி இருக்குது. அதுக்கு மேல இழுத்தா புடுங்கிக்கும்."

"ஐயா!" தெய்வசிகாமணி அரங்கநாதனிடம் திரும்பினார். "சோறு காட்டி ஆளு சேக்கக்கூடாதுன்னா காத்து காட்டி மட்டும் சேக்கலாமா? ஃபேன நிறுத்துங்க! எல்லாருக்கும் ஒரே வேர்வ, அதான் ஜனநாயகம்!"

இதில் ஒரு நியாயம் இருந்ததை அரங்கநாதனால் மறுக்க முடியவில்லை. ஃபேன் நின்றது.

பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். அப்போதும் ஒருத்தியும் இடத்தைவிட்டு நகரவில்லை. தெய்வசிகாமணி அதை யோசித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் அவருக்குப் பின்னால் வேறொன்று கிளம்பிவிட்டது.

அந்தப் பெரிய ஃபேனின் காற்று மண்டபத்தைக் குறுக்கே கடந்து வந்து கழிப்பறைக் கதவில் மோதிக்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை கழிப்பறை நாற்றம் வெளியே தலைகாட்டவில்லை. இப்போது தடுப்பு போய்விட்டது. மண்டபத்தில் அதற்கு முந்தின நாள் ஒரு பெரிய கல்யாணம் வேறு நடந்திருந்தது.

"அண்ணே, ஒரு நிமிசம் இருண்ணே" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நகர்ந்தார்.

"மாமா, எனக்குக் கொமட்டிக்கினு வருது" என்று இன்னொருவர்.

"எங்கடா போறீங்க? கொள்கைன்னு ஒண்ணு வேணாமாடா?" தெய்வசிகாமணி கையை விரித்து மறித்தார். கொள்கை பாதிப் பேரைப் பிடித்து வைத்தது. நாற்றம் மீதிப் பாதியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. போனவர்கள் எல்லோரும் பிரியாணிக் கதவின் இடுக்கில் மூக்கை வைக்கிற மாதிரி தீனதயாளன் பக்கம் போய் நின்றார்கள்.

"போடுடா! ஃபேனப் போடுடா!" என்று தெய்வசிகாமணி கத்தினார்.

பழனி போட்டான். நாற்றம் அடங்கியது. போனவர்கள் திரும்பி வரவில்லை. தீனதயாளன் ஒவ்வொருவர் தோளிலும் அன்பாகக் கையைப் போட்டிருந்தான்.

அரங்கநாதன் தலைகளை எண்ணி அறிவித்தார். "நாலாவது மூலை நாப்பத்தெட்டு. தீனதயாளன் நாப்பத்தாறு. தெய்வசிகாமணி பதினஞ்சு. சிவசங்கர் பதினொண்ணு. நூத்து இருபதுக்குப் பதினெட்டுப் பேர் வேணும். அதனால தெய்வசிகாமணி மூலையும் சிவசங்கர் மூலையும் கலையுது."

தெய்வசிகாமணி மேடைக்குப் பாய்ந்தார்.

"கலையுதா? நானா? நா நட்ட கொடிக்கம்பம் வெளிய நிக்குது, நா கலையணுமா?" "போலீஸ் வந்து கலையச் சொல்லியே கலையாதவன் நானு!"

"நீங்க கலையலைங்க, உங்க மூலைதான் கலையுது. நீங்களும் உங்க ஆளுங்களும் வேற மூலைக்குப் போகணும். நிக்கிற இடத்துலயே நின்னா கணக்குல வராது."

அதைக் கேட்டதும் அவருடைய பதினைந்து பேரில் ஆறு பேர், பசி என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி தீனதயாளன் மூலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய சொந்தச் சித்தப்பா மகன். அவரோடு மிஞ்சியது ஒன்பது பேர்.

ஒரே வழிதான் இருந்தது. ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்தால் இருபது. பதினெட்டைத் தாண்டிவிடலாம். தெய்வசிகாமணி சிவசங்கரைக் கூப்பிட்டார். சிவசங்கர் சின்னசேலம் ரயிலடிப் பக்கம் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிற இளவட்டம். அவருக்கு மருமகன் முறை வேண்டும். காற்றே வராத ஜன்னல் மூலை விழுந்ததில் அவன் முகம் வேர்த்துச் சிவந்து கிடந்தது.

"மாப்ள, ஆளுங்களக் கூட்டிக்கினு இங்க வா. உன்னத் துணைத் தலைவரு ஆக்கறன்."

"நா அங்க வர மாட்டன் மாமா. அந்த எடத்துல நின்னு நா ஜெயிச்சா ஊரே சொல்லிக்காட்டும். நீங்க இங்க வாங்க."

"வயசுல பெரியவன் நா உன் மூலைக்கு வந்து நிக்கணுமா?"

"அப்ப நடுவுல நிப்போம்."

இரண்டு பேரும் ஆட்களோடு மண்டபத்தின் நடுவில் வந்து கௌரவமாக நின்றார்கள். அரங்கநாதன் விசில் ஊதினார். "நடு இடம் மூலை இல்லைங்க. விதியில மூலைன்னுதான் இருக்கு."

"மூணு எட்டு நடந்து போனா எங்க மூல வந்துடும் மாமா."

"அந்த மூணு எட்ட நீ நடயேன்!"

நேரம் போய்க்கொண்டிருந்தது. தீனதயாளன் கடிகாரத்தைக் காட்டி, "முடிச்சு வுடுங்க சார், பிரியாணி அடி புடிச்சுக்கும்" என்றான். கடைசி நிமிஷம் என்று அரங்கநாதன் அறிவித்தார்.

அப்போதுதான் தெய்வசிகாமணிக்கு அந்த யோசனை மின்னலாக வந்தது. நாலாவது மூலை! அங்கே போனால் சிவசங்கரிடம் தோற்ற மாதிரியும் இல்லை, அவன் தன்னிடம் தோற்ற மாதிரியும் இல்லை. தீனதயாளனும் ஜெயிக்க முடியாது. அதற்கெல்லாம் மேலே, அந்த மூலை ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்த மூலைக்குத் தலைவி யார்? ராஜாம்பாள். ராஜாம்பாள் யார் பெயரைச் சொல்வாள்? இதைக்கூட யோசிக்காமல் இத்தனை நேரம் கத்தியிருக்கிறோமே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

"வாடா மாப்ள!" என்று சிவசங்கர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இரண்டு பேர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு அவர் நாலாவது மூலைக்கு ஓடினார். பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஃபேன் காற்று முகத்தில் அடித்தது. ஆஹா என்று இருந்தது.

"வந்தீங்களா?" என்றாள் ராஜாம்பாள்.

"வந்துட்டன். இனிமே நீ பாத்துக்க" என்று கண்ணடித்தார் தெய்வசிகாமணி.

அரங்கநாதன் கடைசி எண்ணிக்கையை வாசித்தார். "தீனதயாளன் ஐம்பத்திரெண்டு. நாலாவது மூலை அறுபத்தெட்டு. நாலாவது மூலைக்காரங்க உங்க பேரைச் சொல்லுங்க."

தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டார். முன்கூட்டியே கையைக் கூப்பிக்கொண்டார். தீனதயாளன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷத்துக் கோபமும் அந்த ஒரு பார்வையில் இருந்தது.

காசியம்மாள் மைக்கை வாங்கினாள். "ராஜாம்பாள்" என்றாள்.

கூப்பிய கை அப்படியே நின்றது.

"இல்லீங்க, இவங்க ராஜாம்பா வூட்டுக்காரருன்னு சொல்ல வந்தாங்க. வாய் தவறிடுச்சு" என்று தெய்வசிகாமணி அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

"வாயெல்லாம் ஒண்ணும் தவறல. எங்க பேரு ராஜாம்பாள். நாப்பத்தெட்டுப் பேரும் அதான் சொல்றோம். கைய தூக்குங்கடி!"

நாற்பத்தெட்டுக் கைகள் எழுந்தன. காற்று வாங்கிக்கொண்டிருந்த சிவசங்கரின் கையும் எழுந்தது.

"உனக்கு இன்னாடா வந்துது?"

"அத்தையாச்சே மாமா, எப்படி வேணான்னு சொல்றது?"

மண்டபத்தில் எழுந்த கைதட்டலில் தீனதயாளன் மூலையும் சேர்ந்துகொண்டது. மெஷின்காரனுக்கு எதிரே நிற்கத் துணியாதவர்களுக்குக் கைதட்ட மட்டும் துணிச்சல் வந்துவிட்டது. உள்கதவு திறந்தது. தீனதயாளன் போகிற போக்கில், "அண்ணே, இனிமே நீங்க சோறாக்கி வைங்க, அண்ணி மீட்டிங் போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்தான்.

தெய்வசிகாமணிக்குப் பிரியாணி இறங்கவில்லை. கழிப்பறை மூலை, பூட்டிய கதவு, போன கரண்டு, நின்ற ஃபேன், நடக்க மறுத்த மூன்று எட்டு. ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துக் கொதித்தார். தலையில் எழுதியிருந்தால் இப்படியா எழுத வேண்டும்? எல்லாம் தற்செயல். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன அயோவா. சொந்தப் பெண்டாட்டியே குறுக்கே வந்து நிற்கிற அளவுக்கா ஒரு மனுஷனுக்கு நேரம் கெட்டுப்போகும்?

கை கழுவிக்கொண்டிருந்த ராஜாம்பாளை ஓரமாகக் கூப்பிட்டார். கத்தக்கூடாது என்று முடிவு பண்ணியிருந்தார். கத்தினார்.

"ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டல்ல! கொடி நட்டவன் நானு, அடி பட்டவன் நானு. அந்தப் போர்டுல எம்பேரு வரணும்னு நா எத்தினி வருசமாத் தவிக்கிறன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க" என்றாள் ராஜாம்பாள். அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நேத்து நா பேச வந்தன். நீங்கதான் குழு விசயத்தக் குழுவோட வச்சிக்கன்னீங்க."

"குழுவப் பத்திப் பேசற நேரமா இது? நாளைக்குக் காலையில அரங்கநாதனுக்குப் போன் போட்டு, எனக்கு வேணாம், எங்க வூட்டுக்காரரு நிக்கட்டும்னு சொல்லிடு. சொல்லுவியா மாட்டியா?"

ராஜாம்பாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நிக்க முடியும்னா சொல்லுங்க, நா ஒதுங்கிக்கறன்" என்று சொல்லிவிட்டுக் காசியம்மாளோடு வேன் ஏறப் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தையில் தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி! அவர் இலையில் மறுபடி பிரியாணி போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் காலி மண்டபத்துக்குள் வந்தபோது நாலாவது மூலையில் பழனி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பழனி, எல்லாம் இந்த ஃபேனால வந்த வினைடா! பரவால்ல வுடு. நாளைக்கே உங்க அண்ணி வாபஸ் வாங்கிடுவா, எலக்சன்ல நாந்தான் நிக்கப்போறன். அப்ப மட்டும் இந்த ஃபேன மறந்தும் மூலையில வச்சிடாத."

பழனி ஒயரை வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"நீங்க எப்படிண்ணே நிப்பீங்க, நம்ம ஊரு தலைவர் பதவியத்தான் இந்தத் தபா பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டதா நேத்து யூனியன் ஆபீஸ்ல சொல்லிட்டாங்களே, ராத்திரி அண்ணி அதச் சொல்லிட்டுத்தான, ஃபேன இந்த மூலையில வையின்னு எடம் காட்டிட்டுப் போனாங்க?"